கொசுவின் வயிற்றில் வேலை செய்யும் நம் எதிர்ப்பொருள்

காரைக்குடியிலிருந்து ஓர் ஆச்சி கேட்டிருந்தார்: "எங்க ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போன இடத்துல முறைக்காய்ச்சல் வந்து பலதடவை படுத்துக் கிடந்தாக. ஊருக்கு வந்த பிறகு, 'இனி எந்தக் கொசுவும் என்னை ஒண்ணும் செய்யாது'ன்னு சொல்லுவாக. அந்த எதிர்ப்புச் சக்தி எங்களுக்கும் வந்திருக்குமா?"

வராது ஆச்சி. ஐயாவுக்கே அது நிலைத்திருக்காது. முறைக்காய்ச்சல் என்று நீங்கள் சொல்லும் மலேரியா திரும்பத் திரும்பத் தாக்கினால் உடம்பில் ஓரளவு எதிர்ப்பு சேரும் என்பது உண்மை. ஆப்பிரிக்காவில் நோய் மிகுந்த பகுதிகளில் இறப்பவர்களில் பெரும்பாலோர் சிறு குழந்தைகள். பெரியவர்கள் ரத்தத்தில் ஒட்டுண்ணியை வைத்துக்கொண்டே காய்ச்சல் இல்லாமல் நடமாடுவார்கள். ஆனால் அந்த ஊரை விட்டு வந்து சில ஆண்டுகள் ஆனால் எதிர்ப்பு குறைந்துவிடும். பேரப்பிள்ளைகளுக்கு எழுதிவைக்கவும் முடியாது. "நாட்டு உடம்பு, கொசுக்கடி பழகிப்போச்சு" என்பதும் வெறும் பேச்சுதான். ஒட்டுண்ணி இல்லாத கொசு ஆயிரம் முறை கடித்தாலும் மலேரியாவைப் பற்றி நம் உடம்புக்கு எதுவும் தெரியப்போவதில்லை.

ஆனால் மலேரியா வந்தவர்கள் ரத்தத்தில் இன்னொரு வகை எதிர்ப்பும் உருவாகிறது. அதைப் பற்றி எழுதத்தான் எனக்கு ஆசை.

பள்ளியில் படித்ததுதான்: பெண் அனாபிலிஸ் கடிக்கிறது, ஒட்டுண்ணி கல்லீரலுக்குப் போகிறது, அப்புறம் சிவப்பணுக்களில் பெருகுகிறது, காய்ச்சல் வருகிறது. அந்தக் கூட்டத்தில் ஒரு சிறு பகுதி பெருகுவதை நிறுத்திவிட்டு ஆண், பெண் வடிவங்களாக மாறுகிறது. இவை நமக்குக் காய்ச்சல் தருவதில்லை. சிவப்பணுவுக்குள் சுருண்டு, அடுத்த கொசுவுக்காகக் காத்திருக்கின்றன. அணுவின் சுவருக்குள் இருப்பதால், கிருமிகளோடு போராட நம் உடம்பு ரத்தத்தில் தயாரிக்கும் எதிர்ப்பொருள்களால் (ஆன்டிபாடி) அவற்றைத் தொட முடியாது.

கொசு உறிஞ்சியதும் நிலைமை தலைகீழாகிறது. 37 டிகிரி ரத்தம் கொசுவின் வயிற்றில் ஐந்து டிகிரி போலக் குளிர்கிறது. சித்திரை மாத இரவிலும் அந்த இறக்கம் கிடைத்துவிடும். கூடவே கொசுவின் உடம்பில் உள்ள சாந்துரெனிக் அமிலமும் சேர, ஆண் வடிவம் விழித்துக்கொள்கிறது. கால் மணி நேரத்துக்குள் தன் டி.என்.ஏ.வை மூன்று முறை இரட்டித்து, எட்டு மெல்லிய சாட்டைகளாகப் பிரிந்து, சிவப்பணுவைக் கிழித்துக்கொண்டு வெளியே துள்ளுகிறது. 1880இல் அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகரில் பிரெஞ்சு ராணுவ மருத்துவர் லாவெரான் ஒரு நோயாளியின் ரத்தத்தில் பார்த்தது இதைத்தான். கண்ணாடித் தகட்டில் ரத்தம் ஆறிவிட்டது. கொசுவின் வயிற்றில் நடக்க வேண்டியது அவர் கண்ணெதிரே நடந்தது. ரத்தம் ஆறாமல் இருந்திருந்தால் அந்தத் துள்ளலை அவர் பார்த்திருக்க முடியாது!

இப்போது யோசியுங்கள். கொசு ஒட்டுண்ணியை மட்டும் தனியாகப் பொறுக்கி உறிஞ்சவில்லை. அதே சொட்டில் நம் எதிர்ப்பொருள்களும் வருகின்றன. நம் உடம்பில் கொசுவுக்குக் கிடைக்காமல் செத்துப்போன ஆண், பெண் வடிவங்கள் ஏராளம். அவை உடைந்தபோது வெளிவந்த புரதங்களைப் பார்த்து நம் உடம்பு ஏற்கெனவே இந்த எதிர்ப்பொருள்களைத் தயாரித்து வைத்திருந்தது. நமக்குள் இருந்தவரை அவற்றுக்கு வேலையில்லை. கொசுவின் வயிற்றில் ஒட்டுண்ணி சிவப்பணுவை விட்டு வெளியே வந்த நொடியில் அதன் மேல் போய் ஒட்டுகின்றன. குறிப்பாக பி.எஃப்.எஸ். 230, பி.எஃப்.எஸ். 48/45 என்ற இரண்டு புரதங்களின் மேல். ஆணும் பெண்ணும் சேர முடியாமல் போகிறது. சேர்ந்திருந்தால் ஏறக்குறைய ஒரு நாளில் வயிற்றுச் சுவரைத் துளைத்து, அதன் வெளிப்புறத்தில் கட்டியாக வளர்ந்து, இரண்டு வாரத்துக்குள் உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போயிருக்கும். ஒரு மனிதரின் எதிர்ப்பொருள், அவர் உடம்பைத் தாண்டி, ஒரு பூச்சியின் குடலுக்குள் சண்டை போடுகிறது! எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுக்கவில்லை.

இதைச் சோதிக்கும் முறையும் அழகு. வெந்நீர் ஓடும் சிறு கண்ணாடிக் கிண்ணத்தின் அடியில் மெல்லிய சவ்வைக் கட்டி, ஒட்டுண்ணியுள்ள ரத்தத்தோடு ஒருவரின் சீரத்தை, அதாவது எதிர்ப்பொருள்கள் உள்ள ரத்தத்தின் தெளிந்த நீரை, கலந்து பட்டினி போட்ட கொசுக்களுக்கு ஊட்டுவார்கள். ஒரு வாரம் கழித்துக் கொசுவின் வயிற்றைப் பிரித்தெடுத்து, நாம் காயத்துக்குப் போடும் அதே மெர்க்குரோக்ரோம் சிவப்பில் நனைத்து, நுண்ணோக்கியில் கட்டிகளை எண்ணுவார்கள். இலங்கை மலேரியா ஆய்வாளர் கமினி மெண்டிஸும் உடன் பணியாற்றியவர்களும் 1980களில் அந்நாட்டின் வைவாக்ஸ் என்ற வகை மலேரியா நோயாளிகளிடம் இந்த எதிர்ப்பைக் காட்டினார்கள். அங்கேயே ஒரு வேடிக்கையும் தெரிந்தது: எதிர்ப்பொருள் மிகக் குறைவாக இருந்தால் சிலசமயம் கொசுவில் தொற்று கூடிவிடுகிறது.

இதையே தடுப்பூசியாக்கலாம் என்று பல ஆண்டுகளாக முயல்கிறார்கள். பி.எஃப்.எஸ். 25 என்ற புரதம் கொசுவுக்குள் மட்டுமே தோன்றுவது. நம் உடம்பு அதைப் பார்ப்பதே இல்லை என்பதால் இயற்கையில் அதற்கு எதிர்ப்பே கிடையாது, ஊசியால்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், இத்தகைய ஊசி போட்டுக்கொண்டவருக்கு அதனால் நேரடிப் பயன் இல்லை. அவரைக் கடித்த கொசு அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகாது, அவ்வளவுதான். ஊரே போட்டுக்கொண்டால்தான் எல்லோருக்கும் லாபம். எந்த மருந்துக் கம்பெனியின் கணக்கில் இது பொருந்தும்? பொதுப்பணம்தான் இதற்கு வேண்டும், நன்கொடையும் வேண்டும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் காரைக்குடிக்கு மின்வேதியியல் ஆய்வகம் வந்தது. கும்பாபிஷேகத்துக்குக் கோடிகள் திரளும் நம் பக்கத்தில், பூச்சியியல் ஆய்வகத்துக்கு ஒரு கட்டடம் கேட்டால் ஏன் கை சுருங்குகிறது என்பது எனக்குப் புரியவில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2025இல் அறிவித்த 'அட்ஃபால்சிவாக்ஸ்' இந்தச் சிக்கலைக் கொஞ்சம் சாமர்த்தியமாகச் சமாளிக்கிறது. கல்லீரலுக்குப் போகும் ஒட்டுண்ணியின் புரதத்தோடு 230, 48/45 இரண்டின் துண்டுகளையும் ஒரே மூலக்கூறாகக் கோத்திருக்கிறார்கள். போட்டுக்கொள்பவருக்கும் காப்பு, கொசுவின் வயிற்றிலும் தடை. தயாரிப்பது லாக்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவில். பாலை உறையவைக்கும் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். அறிவித்தபோது விலங்குச் சோதனைகளின் கட்டத்தில் இருந்தது. மனிதர்களிடம் சோதித்து, உற்பத்திக்கு வர இன்னும் பல ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டிக்கு மூடி போடுங்கள் ஆச்சி.