25 நிமிடத்தில் திரும்ப வேண்டும்: மலிவுக் கட்டண விமானத்தின் கணக்கு

1971 ஜூனில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக்குள் மட்டும் பறக்கத் தொடங்கிய சவுத்வெஸ்ட் நிறுவனத்திடம் அடுத்த ஆண்டு நான்கு போயிங் 737 விமானங்கள் இருந்தன. பணத் தட்டுப்பாட்டால் ஒன்றை விற்றாக வேண்டிய நிலை. நான்கு விமானங்களுக்குப் போட்ட கால அட்டவணையை மூன்றை வைத்தே ஓட்டுவது என்று முடிவு செய்தார்கள். அதற்கு ஒவ்வொரு விமானமும் வந்து நின்ற 10 நிமிடத்தில் மறுபடி கிளம்ப வேண்டும். அப்படியே கிளப்பிக் காட்டினார்கள். மலிவுக் கட்டண விமான சேவையின் உயிர்நாடி அன்றைக்கு அந்த நெருக்கடியில் உருவானது. பைக்குத் தனிக் காசு, சாப்பாட்டுக்குத் தனிக் காசு என்பதெல்லாம் இந்த முறை உலகம் முழுக்கப் பரவியபோது சேர்ந்துகொண்டவை.

விமானத்தின் குத்தகை வாடகை பறந்தாலும் நின்றாலும் கட்டித் தீர வேண்டியது. காப்பீடு, விமானிகளின் அடிப்படைச் சம்பளம், அலுவலகச் செலவு எல்லாம் அதே வகை. இந்த நிலையான தொகையை எத்தனை இருக்கைகளுக்குப் பிரித்துப் போடுகிறோம் என்பதுதான் கேள்வி. அதனால் இந்தத் தொழிலில் செலவை ஓர் இருக்கைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு என்றுதான் அளப்பார்கள். ஆள் உட்கார்ந்திருந்தாலும் காலியாகப் போனாலும் அந்த இருக்கை கணக்கில் சேரும்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். 180 இருக்கைகள் கொண்ட ஓர் ஏர்பஸ் ஏ320. ஒரு பயணத்துக்கு நிறுத்துமிடத்திலிருந்து நிறுத்துமிடம் வரை 90 நிமிடம். காலை 6 மணிக்கு முதல் புறப்பாடு. இரவு 10 மணிக்குள் கிளம்பிய ஊருக்கே திரும்பிவிட வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் 25 நிமிடம்தான் நிற்கிறது என்றால் எட்டுப் பயணங்களை முடித்து இரவு 8.55-க்கு வந்து நிற்கும். 50 நிமிடம் நின்றால் எட்டாவது பயணம் முடிய இரவு 11.50 ஆகும். ஏழாவதோடு நிறுத்தினால் விமானம் வேறு ஊரில் தங்கிவிடும். எனவே ஆறுதான் சாத்தியம். எட்டு என்றால் நாளொன்றுக்கு 1,440 இருக்கைகள், ஆறு என்றால் 1,080. அதே விமானம், அதே வாடகை. விற்பதற்கு 360 இருக்கைகள் கூடுதலாகக் கிடைக்கின்றன. மலிவு டிக்கெட்டின் ஊற்றுக்கண் இதுதான்.

அந்த 25 நிமிடத்தில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சக்கரங்களுக்குக் கட்டை வைத்ததும் முன் கதவு, பின் கதவு இரண்டிலும் படிக்கட்டுகள் வந்து சேர்கின்றன. முனையத்திலிருந்து விமானத்துக்கு நீளும் நடைபாலமான ஏரோபிரிட்ஜ் என்றால் பெரும்பாலும் முன் கதவு ஒன்றுதான், அதற்குக் கட்டணமும் உண்டு. இரண்டு கதவு வழியாக 180 பேரை இறக்க ஆகும் நேரம் ஒரு கதவுக்கு ஆவதில் ஏறக்குறைய பாதி. பயணிகள் இறங்கிக்கொண்டிருக்கும்போதே கீழே பைகளை இறக்குகிறார்கள். துப்புரவைப் பெரும்பாலும் விமானப் பணியாளர்களே செய்துவிடுவார்கள். இருக்கைக்கு முன்னால் பத்திரிகை வைக்கும் பை பல நிறுவனங்களில் காணாமல் போனதற்கு ஒரு காரணம் இது: குப்பை சேர இடம் இருக்காது, பாதுகாப்புச் சோதனையில் கைவிட்டுப் பார்க்கவும் ஒன்று குறையும். பயணிகள் உள்ளே இருக்கும்போது எரிபொருள் நிரப்பினால் பெல்ட்டைப் போடாமல் இருக்கச் சொல்ல வேண்டும், கதவுகளில் பணியாளர் தயாராக நிற்க வேண்டும். இதைத் தவிர்க்க, முந்தைய ஊரிலேயே இரண்டு பயணத்துக்கும் சேர்த்து நிரப்பிக்கொண்டு வருவதும் உண்டு. அதற்கு ஒரு விலை இருக்கிறது. கூடுதலாகச் சுமக்கும் எரிபொருளில் மணிக்குத் தோராயமாக 3 சதவீதம் சுமப்பதற்கே எரிந்து போகும்.

இந்த வேலைகள் ஒன்றுக்கொன்று பக்கத்தில் நடப்பவை. எது கடைசியாக முடிகிறதோ அதுதான் கிளம்பும் நேரத்தைத் தீர்மானிக்கிறது. பெட்டியைப் பதிந்துவிட்டு ஒரு பயணி வராமல் போனால் அந்தப் பெட்டியைத் தேடி இறக்காமல் விமானம் கிளம்பக் கூடாது. கண்டெய்னர் இல்லாமல் பைகளை நேரடியாக அடுக்கியிருப்பதால், அடியில் மாட்டிய ஒன்றை எடுக்க மொத்த அடுக்கையும் கலைக்க நேரலாம். 25 நிமிடத்தில் பத்து அதற்கே போய்விடும். போர்டிங் கதவை அவ்வளவு கறாராக மூடுவதன் பின்னணி இதுதான். மூடப்பட்ட கதவின் முன்னால் நிற்பவருக்கு அது இரக்கமற்றதாகத் தெரியும். உள்ளே இருக்கும் 179 பேரோடு அன்று அந்த விமானத்தில் அடுத்தடுத்து ஏறவிருக்கும் எல்லோருடைய நேரமும் அதில் தொங்குகிறது.

யாரும் அவசரப்படுத்த முடியாத ஒன்று பிரேக். ஏ320-இல் பிரேக்கின் வெப்பம் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால் புறப்படக் கூடாது. சக்கரம் உள்ளே மடங்கியபின் ஹைட்ராலிக் திரவம் கசிந்து சூடான பிரேக்கில் பட்டால் தீப்பிடிக்கும் அபாயம் இருக்கிறது. குறுகிய ஓடுதளம், நிறைந்த விமானம், வெயில் நேரம் மூன்றும் சேர்ந்தால் 25 நிமிடத்தில் சூடு தணியாது. குளிர்விக்கும் விசிறியை விருப்பத் தேர்வாக வாங்கிப் பொருத்தலாம். இல்லையென்றால் விமானி இறங்கும்போதே பிரேக்கை மெதுவாகப் பிடித்து, ஓடுதளத்தில் அதிக தூரம் உருளவிட வேண்டும்.

இருக்கை எண்ணிக்கைக்கும் தனிக் கணக்கு உண்டு. அவசரத்தில் வெளியேறும் வழிகளில் பாதியை மட்டும் பயன்படுத்தி 90 விநாடியில் எல்லோரும் வெளியேற முடியும் என்று காட்டினால்தான் அத்தனை இருக்கைகளுக்கு ஒப்புதல் கிடைக்கும். 50 இருக்கைகளுக்கு ஒரு பணியாளர் என்பது பரவலான விதி. 150 இருக்கைகளுக்கு மூவர் போதும், 151-ஆவது இருக்கை வைத்தால் நான்காவது ஆள் வேண்டும். நான்காவது ஆளுக்குச் சம்பளம் கொடுப்பது உறுதி என்றால் 180, 186 என்று நிரப்பிவிடுவதுதான் புத்தி. கால் நீட்ட இடம் குறைவதன் வேர் இந்த எண்ணில் இருக்கிறது.

ஒரே ரக விமானத்தை மட்டும் வைத்துக்கொள்வதன் பயன் பலரும் அறிந்தது. எந்த விமானியும் எந்த விமானத்திலும் ஏறலாம், உதிரிபாகங்களும் சிமுலேட்டரும் ஒரே வகை. வருமானப் பக்கம், லாபம் கடைசிச் சில இருக்கைகளில்தான் ஒளிந்திருக்கிறது. ஒரு பயணத்தின் செலவை ஈடுகட்ட 82 சதவீத இருக்கைகள் நிரம்ப வேண்டும் என்று வையுங்கள். 180-இல் 148 பேர். 86 சதவீதம் நிரம்பினால் மேலும் ஏழு பேர். அன்றைய லாபம் அந்த எழுவர் கொடுத்தது. பைகளுக்கான கட்டணமும் இருக்கைத் தேர்வுக் கட்டணமும் இந்த 148 என்ற எண்ணைக் கீழே இறக்குகின்றன. பைகள் குறைவதால் ஏற்றி இறக்கும் வேலையும் குறைகிறது. பல பத்தாண்டுகளாக இரண்டு பைகளை இலவசமாக ஏற்றிவந்த சவுத்வெஸ்ட்கூட 2025 மே மாத இறுதியில் பெரும்பாலான பயணிகளுக்கு அந்தச் சலுகையை நிறுத்திவிட்டது.

இதுவரை சொன்னது ஒரு விமானத்தின் கதை. நிறுவனம் வளர்வதற்கு வேறொரு பொறி இருக்கிறது. ஒரே ரகத்தில் நூற்றுக்கணக்கான விமானங்களுக்கு மொத்தமாக ஆர்டர் கொடுத்தால் தயாரிப்பாளரிடம் பெரிய தள்ளுபடி கிடைக்கும். 2023 ஜூனில் இண்டிகோ ஒரே ஒப்பந்தத்தில் 500 ஏர்பஸ் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது நினைவிருக்கலாம். இப்படி வாங்குகிறவர்கள் விமானம் கைக்கு வரும் நாளிலேயே அதைக் குத்தகை நிறுவனத்துக்கு விற்று, அதையே சில ஆண்டுகளுக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்வார்கள். தள்ளுபடி விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசம் ரொக்கமாகக் கையில் நிற்கும். ஏ320-க்கு உடலமைப்பைப் பிரித்துப் பார்க்கும் பெரிய சோதனை 6-ஆவது ஆண்டிலும் 12-ஆவது ஆண்டிலும் வருகிறது. முதல் சோதனைக்கு முன்பே திருப்பிக் கொடுத்துவிட்டால் பட்டறைச் செலவின் பெரும்பகுதி தப்பும். ஆனால் திருப்பிக் கொடுக்கும்போது எஞ்சினும் உடலும் ஒப்பந்தத்தில் எழுதிய நிலையில் இருக்க வேண்டும். அந்தச் சரிபார்ப்பில் மாதக்கணக்கில் இழுபறி நடந்து, விமானம் பறக்காமலே வாடகை ஏறுவதும் உண்டு.

வேகமாக வளரும் நிறுவனம் பார்வைக்கு மிகவும் ஆரோக்கியமாகத் தெரியும். எப்போதும் புது விமானம், எப்போதும் புது ஆள், சராசரிச் சம்பளம் குறைவு, பழுது குறைவு. வளர்ச்சி நின்ற அடுத்த சில ஆண்டுகளில் அத்தனையும் ஒன்றாக வயதாகும். பணி மூப்பால் சம்பளம் ஏறும், எஞ்சின்கள் ஒரே சமயத்தில் பட்டறைக்குப் போகும், புது விமான விற்பனையில் வந்த ரொக்கம் நிற்கும். இந்த நிறுவனங்களை எடைபோடுகிறவர்கள் வளரும் ஆண்டுகளின் லாபத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவார்கள் என்பது என் உறுதியான கருத்து.

வாடகை டாலரில், வருமானம் உள்ளூர் நாணயத்தில் என்பது இன்னொரு கண்ணி. 1977-இல் லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு மலிவாகப் பறக்கத் தொடங்கிய லேக்கர் ஏர்வேஸ் விமானங்களை டாலர் கடனில் வாங்கியது. பவுண்டின் மதிப்பு சரிந்தபோது கடன் தானாகவே பெருத்தது. 1982 பிப்ரவரியில் நிறுவனம் மூழ்கியது. எரிபொருள் விஷயத்திலும் மலிவு நிறுவனத்துக்குத் தனிச் சலுகை கிடையாது. மற்ற செலவுகளை இழுத்துப் பிடித்திருப்பதால் மொத்தச் செலவில் எரிபொருளின் பங்கு அவர்களுக்குப் பெரிது. விலை ஏறும்போது அடியும் அந்த அளவுக்குப் பலமாக விழும்.

ஒரே ரகத்தின் மறுபக்கத்தை 2023 காட்டியது. ஏ320 நியோ விமானங்களில் பொருத்தப்படும் பிராட் அண்ட் விட்னி எஞ்சின்களில், உலோகத் தூளிலிருந்து செய்யப்பட்ட சில வட்டுகளில் மாசு கலந்திருந்தது. அதனால் வட்டில் எதிர்பார்த்ததைவிட முன்பே விரிசல் வரலாம் என்று தெரியவந்தது. 2015-இன் இறுதியிலிருந்து 2021 வரை தயாரானவற்றைக் கழற்றிச் சோதிக்க வேண்டியதாயிற்று. ஒரு எஞ்சின் இறக்கையிலிருந்து கழன்று மறுபடி ஏற 300 நாள் வரை ஆகலாம் என்று தயாரிப்பாளரே அறிவித்தார். எல்லா விமானங்களிலும் ஒரே எஞ்சினை வைத்திருந்தவர்களுக்கு ஒதுங்க இடமில்லை. அதற்கு முன்பே, அந்த ஆண்டு மே மாதத்தில், இதே ரக எஞ்சின்கள் சரியான நேரத்தில் கிடைக்காததைக் காரணம் காட்டி இந்தியாவின் கோ ஃபர்ஸ்ட் விமான நிறுவனம் திவால் நடவடிக்கைக்குப் போயிருந்தது.

விமானிகளின் கணக்கு இன்னும் இறுக்கம். ஒரு விமானம் நாளுக்கு 12 மணி நேரம் பறந்தால் ஆண்டுக்கு 4,380 மணி. ஒரு விமானி ஆண்டில் அதிகபட்சம் 1,000 மணி பறக்கலாம் என்பது பல நாடுகளின் வரம்பு. ஒவ்வொரு பயணத்திலும் இரண்டு விமானிகள் என்பதால் காகிதத்தில் 9 பேர் போதும் போல் தெரியும். விடுப்பு, பயிற்சி, நோய், காத்திருப்புப் பணி எல்லாம் சேர்த்தால் விமானத்துக்கு 11, 12 பேர் தேவை. இந்த இரண்டு மூன்று பேரைச் செலவாகப் பார்க்கிற நிறுவனம் விதி மாறும்போது தடுமாறும். இந்தியாவில் விமானிகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தியும், இரவுப் பணியில் அனுமதிக்கும் தரையிறக்கங்களை 6-இலிருந்து 2 ஆகக் குறைத்தும் வந்த விதிகள் 2025 ஜூலையிலும் நவம்பரிலும் இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தன. டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ ஆயிரக்கணக்கான பயணங்களை ரத்து செய்ய நேர்ந்தது. அந்த விதிகள் களைத்த விமானியிடமிருந்து பயணியைக் காப்பவை. அட்டவணையை அவற்றுக்கு ஏற்ப முன்கூட்டியே சுருக்குவதுதான் முறை.

நாளுக்கு எட்டுப் பயணம் என்ற அதே பலம் தாமதத்தையும் சுமந்துகொண்டு போகிறது. காலை 7 மணிக்கு மூடுபனியில் 20 நிமிடம் போனால், 25 நிமிட நிறுத்தத்தில் அதை மீட்க இடமில்லை. இரவு வரை அது கூடவே வரும். தாமதக் காரணங்களுக்கு சர்வதேச அளவில் எண்கள் இருக்கின்றன. விமானம் முந்தைய பயணத்திலிருந்து தாமதமாக வந்ததற்கான எண் 93. மாலைப் புறப்பாடுகளின் பதிவேட்டில் இந்த எண்ணைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்க நேரும். பணிக்குழுவின் வேலை நேரம் நடுவழியில் தீர்ந்துவிட்டால் நிலைமை வேறு வடிவம் எடுக்கும். 2022 டிசம்பர் பனிப்புயலில் சவுத்வெஸ்ட் ஏறக்குறைய 16,700 பயணங்களை ரத்து செய்தது. எல்லாம் ஒரு மைய நிலையத்துக்குத் திரும்பும் அமைப்பாக இல்லாமல் ஊருக்கு ஊர் நேராகப் பறக்கும் வலைப்பின்னல் என்பதால் விமானங்களும் ஆட்களும் வெவ்வேறு ஊர்களில் சிதறிக் கிடந்தார்கள். யார் எங்கே என்று மென்பொருளால் பொருத்த முடியவில்லை. தொலைபேசியில் கேட்டுக் கேட்டுச் சேர்க்க வேண்டியதாயிற்று.

நெடுந்தூரப் பயணத்துக்கு இந்த முறை ஏன் ஒத்துவருவதில்லை என்பதும் இதிலிருந்தே புரியும். பத்து மணி நேரம் பறக்கும் விமானத்தில் தரையில் அரை மணி மிச்சம் பிடித்து இன்னொரு பயணத்தைச் சேர்க்க முடியாது. முழுச் சேவை நிறுவனங்களின் பெரிய விமானங்களும் ஏற்கெனவே நாள் முழுக்கப் பறக்கின்றன. பலர் முயன்ற இந்தப் பாதையிலிருந்து நார்வேஜியன் நிறுவனம் 2021 ஜனவரியில் விலகியது.

குறுந்தூரத்தில் நன்றாக நடத்துகிறவர்கள் அட்டவணையின் நடுவில், பெரும்பாலும் நண்பகலில், ஒரு நீண்ட நிறுத்தத்தை வேண்டுமென்றே வைப்பார்கள். காலைத் தாமதம் அங்கே கரையும். பெரிய தளத்தில் ஒன்றிரண்டு விமானங்களைச் சும்மா நிறுத்தி வைப்பதும் உண்டு. அதற்கும் அடங்காத தாமதத்துக்கு, போக வர ஒரு ஜோடிப் பயணத்தை வெட்டிவிட்டு விமானத்தை மறுபடி நேரத்துக்குள் கொண்டுவருவார்கள். எந்த ஜோடியை வெட்டுவது என்பதற்கும் ஒழுங்கு இருக்கிறது. நாளுக்கு ஒரே ஒரு சேவை உள்ள ஊரைத் தொட மாட்டார்கள். அடுத்த இரண்டு மூன்று மணி நேரத்தில் அதே வழியில் காலி இருக்கையோடு இன்னொரு விமானம் போகிறதா என்று பார்த்து, அந்த வழித்தடத்தில்தான் கை வைப்பார்கள்.