கணிப்பான்: கால்குலேட்டருக்கு ஒரு தமிழ்ச்சொல்

கால்குலேட்டர் என்றதும் மளிகைக்கடைக் கல்லாவில் எண்ணெய்ப் பிசுக்கோடு கிடக்கும் பொத்தான் பெட்டிதான் ஒரு காலத்தில் நினைவுக்கு வரும். இப்போது அந்தப் பெயர் இணையத்துக்குக் குடிபோய்விட்டது. இ.எம்.ஐ. கால்குலேட்டர், வயது கால்குலேட்டர், ஜி.எஸ்.டி. கால்குலேட்டர், பிரசவ தேதி கால்குலேட்டர் என்று எதைத் தேடினாலும் காசு கேட்காத பக்கங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. கட்டத்தில் எண்ணைப் போட்டால் கீழே விடை. 1995இல் ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழி வந்தபின், இந்தக் கணக்கை நம் உலாவியே (பிரவுசர்) போட்டுவிட முடிகிறது. பக்கம் திறந்தபின் இணையத்தைத் துண்டித்தும் விடை வருகிறதென்றால், கணக்கு நம் கைப்பேசிக்குள்ளேயே நடக்கிறது என்று பொருள்.

கால்குலேட்டர் என்ற சொல்லின் வேர் ஒரு கல். லத்தீனில் ‘கால்க்ஸ்’ என்றால் சுண்ணாம்புக்கல். கால்சியம் என்ற பெயரும் அதிலிருந்து வந்ததே. ‘கால்குலுஸ்’ என்றால் சின்னக் கல். ரோமானியர் பலகையில் கல்லை நகர்த்திக் கணக்குப் பார்த்ததால், கல்லின் பெயரே கணக்கிடும் வினைக்கும் வேரானது. சிறுநீரகக் கல்லுக்கு ஸ்கேன் அறிக்கையில் ‘ரீனல் கால்குலஸ்’ என்று எழுதுவதைப் பார்த்து, இதில் கணிதம் எங்கே வந்தது என்று விழித்தவர்கள் உண்டு. கல் கல்லாகவே அங்கே தங்கிவிட்டது, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் கால்குலேட்டர் என்பது முதலில் கணக்குப் போடும் ஆளைக் குறித்தது. வரிக்கணக்கோடு மல்லாடிய தந்தைக்கு உதவ பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் 1642இல் பல்சக்கர இயந்திரத்தைச் செய்யத் தொடங்கினார். அத்தகைய பொறிகள் பெருகப் பெருக, ஆளின் பெயர் பொறிக்குப் போனது.

நம்மிடமும் கல்லுக்குப் பஞ்சமில்லை. சோழி, புளியங்கொட்டை, கழற்சிக்காய் எல்லாம் எண்ணப் பயன்பட்டவைதாம். இவற்றில் கழற்சிக்காய்க்குத் தனிக்கதை உண்டு. சங்கப் பாடல்களில் அதன் பெயர் கழங்கு. சிறுமியர் அதை வைத்து விளையாடினர். முருகனின் பூசாரியான வேலன் அதையே பரப்பிக் குறி பார்த்தான். எண்ணுவதற்கும் வருவதைச் சொல்வதற்கும் ஒரே காய்.

‘கணி’ என்ற சொல்லுக்கும் அதே இரட்டைக் குணம் இருக்கிறது. கணித்தல் என்றால் கணக்கிடுதல். மதிப்பிட்டு முன்கூட்டிச் சொல்லுதலும் அதுவே. காலம் கணித்துச் சொல்பவன் கணியன். வேங்கை மரத்துக்கும் கணி என்று ஒரு பெயர் உண்டு. அது பூத்தால் தினை அறுக்கும் காலம் வந்துவிட்டது என்று குறவர் அறிந்தனர். ‘கணிதம்’ வடசொல், ‘கணி’யும் அதன் உறவே என்பார் ஒரு சாரார், தமிழ் வேர் என்பார் மறு சாரார். எதுவானாலும் இரண்டாயிரம் ஆண்டுகளாக நம் வாயில் புழங்கும் சொல். கணினி பிறந்ததும் இதிலிருந்துதான்.

கணி, கணிப்பு, கணிப்பான். அழிப்பான், தெளிப்பான் போல ‘ஆன்’ சேர்ந்து கருவிப்பெயர் ஆகிறது. கணிப்பி, கணக்கி, கணிகருவி என்றும் எழுதுகிறார்கள். தவறில்லை, ‘கணக்கி’ மட்டும் என் காதுக்கு ஒட்டவில்லை.

கணிப்பான் என்ற சொல்லுக்கு ஓர் எதிர்ப்பு உண்டு. “கருத்துக்கணிப்பு, ஜாதகக் கணிப்பு என்கிறோம், கணிப்பு என்றாலே ஊகம்தானே? இரண்டும் இரண்டும் நான்கு என்பதில் ஊகம் எங்கே இருக்கிறது?” என்று கேட்பார்கள். கல்லாப்பெட்டிக் கருவிக்கு அது நியாயமான கேள்விதான். ஆனால் இணையத்தில் இருப்பவற்றுக்கு அந்த ஊக வாடைதான் பொருத்தம் என்பேன்.

என் பெரியம்மா மகன் வண்டிக் கடனுக்கு விசாரித்தான். ஒரு லட்சம் ரூபாய், 9 விழுக்காடு வட்டி, மூன்று ஆண்டு. வீட்டில் கைப்பேசியில் தட்டிப் பார்த்தபோது மாதத் தவணை 3,180 ரூபாய் என்று வந்தது. கடன் கொடுப்பவர் சொன்னதோ 3,528. “அண்ணா, கால்குலேட்டர் தப்பா காட்டுது” என்று போன் பண்ணினான். தப்பு எதிலும் இல்லை. அவன் திறந்த பக்கம், கட்டக் கட்டக் குறையும் அசலுக்கு மட்டும் வட்டி போட்டது. அவர்கள் போட்டது ஃபிளாட் வட்டி: ஒரு லட்சத்துக்கு ஆண்டுக்கு 9,000, மூன்றாண்டுக்கு 27,000, மொத்தம் 1,27,000ஐ 36ஆல் வகுத்தார்கள். மூன்றாண்டுக்கும் சேர்த்து இரண்டுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ 12,500 ரூபாய். குறையும் அசல் முறையில் பார்த்தால் அந்த 9 விழுக்காடு, 16 விழுக்காட்டையும் தாண்டுகிறது. எந்த முறை என்பதை அந்தப் பக்கம் கேட்கவே இல்லை. தானாக ஒன்றை வைத்துக்கொண்டது.

பிரசவ தேதியும் இப்படித்தான். கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாள் கூட்டி ஒரு தேதி சொல்லும். சுழற்சி 28 நாள் என்பது அதற்குள் இருக்கும் அனுமானம். சொன்ன தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் மிகக் குறைவு. இதைக் கணிப்பு என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

அதனால்தான் எல்லா இணையக் கருவியையும் இந்தச் சொல்லில் போட்டு அடைக்கக் கூடாது என்கிறேன். சென்ட்டைச் சதுர அடியாக்கித் தரும் பக்கத்தையும் பலர் கால்குலேட்டர் என்கிறார்கள். அது அலகு மாற்றி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி, நூறு சென்ட் ஒரு ஏக்கர். இதில் ஊகத்துக்கு இடமே கிடையாது. மாதத் தவணைக்கும் வருமான வரிக்கும் ஓய்வூதியத்துக்கும் கணிப்பான். சென்ட்டுக்கும் கிலோவுக்கும் மாற்றி. பிறந்த தேதியைக் கொடுத்தால் ஆண்டு, மாதம், நாள் என்று பிரித்துச் சொல்லும் பக்கத்துக்குக் கணிப்பானும் வேண்டாம், ‘வயது பார்க்க’ என்று தலைப்பு வைத்தாலே போதும்.

எழுதும்போது வல்லினம் மிகும்: தவணைக் கணிப்பான், வரிக் கணிப்பான். பேசும்போது “கணிப்பானை எடு” என்று யாரும் சொல்லப்போவதில்லை. கால்குலேட்டரும் சொல்ல மாட்டார்கள். “நெட்ல போட்டுப் பாரு” என்பார்கள்.