கல்வெட்டு திரும்பவில்லை, உங்கள் போன்தான் திருப்பியது

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு வாட்ஸ்ஆப்பில் ஒரு படம் வந்தது. குகைத்தளம், பாறையின் நெற்றி, அதில் சாக்பீஸ் தடவிய ஒன்பது பத்து எழுத்து, முன்னால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியபடி ஒரு தம்பி. கூடவே குரல் செய்தி: "சார், தமிழி வலமிருந்து இடமா வெட்டியிருக்கு சார். இதுவரைக்கும் யாருமே சொல்லல. நீங்க பாத்து உறுதிப்படுத்துனா பத்திரிகைக்குக் குடுத்துரலாம்." தமிழி என்றால் நம் குகைகளில் இருக்கிற பழைய தமிழ் எழுத்து, தமிழ் பிராமி என்றும் சொல்வார்கள். அது இடமிருந்து வலமாகப் போகிற எழுத்து.

அந்தத் தம்பியின் பனியனில் இருந்த ஆங்கில எழுத்தும் திரும்பித்தான் இருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை.

முப்பது வருடமாகக் கல்வெட்டுப் படி எடுக்கிறவன் நான். மேலூர்ப் பக்கத்து மலைகளில் நான் ஏறாதது கொஞ்சம்தான். இந்த வருடத்தில் இப்படி எனக்கு வந்த ஐந்தாவது 'வலமிருந்து இடம்' இது. முதல் நான்குக்கும் பொறுமையாகப் பதில் சொன்னேன். இப்போது எழுதியே வைத்துவிடுகிறேன். அடுத்த படம் வந்தால் இந்தக் கட்டுரையைத்தான் அனுப்பப் போகிறேன்.

பல போன்களில் செல்பி கேமரா படத்தை இடம் வலமாகத் திருப்பும். ஏன் என்று உங்கள் வீட்டுப் பிள்ளையே சொல்லும், அதில் நேரத்தைக் கழிக்க வேண்டாம். திருப்பினால் எழுத்துக்கு என்ன ஆகிறது என்பதுதான் பேச்சு.

தமிழியில் 'க' ஒரு கூட்டல் குறி. எந்தப் பக்கம் திருப்பினாலும் கூட்டல் குறிதான். 'ர' வெறும் நேர்கோடு. 'ண' மேலும் கீழும் பட்டை போட்ட ஒரு தூண். இந்த மூன்றையும் வைத்துத் திசை சொல்ல முடியாது. ஆனால் 'ட' ஒரு பக்கம் வாய் திறந்த பிறை, வாய் வலப்பக்கம்தான் இருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட ஆபத்தானது உயிர்க்குறி. 'க'வின் தலையில் வலப்பக்கம் ஒரு சிறு கோடு இழுத்தால் 'கா'. அதே கோட்டை இடப்பக்கம் இழுத்தால் 'கே'. காடன் என்று ஒருவர் காசு கொடுத்துத் துறவிகளுக்குக் குகைப் பாறையில் படுக்கை வெட்டி வைத்தார் என்று வையுங்கள். நீங்கள் செல்பி எடுத்து வலமிருந்து வாசித்தால் அவர் கேடன் ஆகிவிடுவார். இரண்டாயிரம் வருடம் கழித்து அந்த மனிதருக்கு நாம் செய்கிற மரியாதை இதுவா?

சரி, தவறு போனோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு கோபப்பட மாட்டேன். வலமிருந்து இடம் என்றாலே ஏதோ பெரிய மர்மம், பெரிய பழமை என்கிற நினைப்புதான் எனக்கு எரிச்சல். "சிந்து எழுத்து வலமிருந்து இடம், தமிழியும் அப்படின்னா ரெண்டும் ஒண்ணுதானே சார்?" என்பது எல்லாரும் கேட்கிற கேள்வி. ஒன்றில்லை. திசை ஒத்துப்போனால் சொந்தம் ஆகிவிடாது. இந்தியும் உருதும் பேச்சில் ஒன்றுக்கொன்று புரியும். எழுத்தில் ஒன்று இடமிருந்து போகிறது, மற்றது வலமிருந்து வருகிறது. அவ்வளவு தூரம் எதற்கு? நம் தமிழையே வலமிருந்து இடமாக எழுதியிருக்கிறார்கள். காயல்பட்டினம், கீழக்கரை வீடுகளில் பழைய அரபுத்தமிழ் ஏடு இருந்தால் பாருங்கள். மொழி தமிழ், எழுத்து அரபு, திசை அரபு எழுத்தின் திசை. திசை எழுத்து முறையின் வழக்கம். மொழிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, வயதுக்கும் இல்லை.

சிந்து எழுத்தைப் படிக்கவே முடியாதபோது அதன் திசை எப்படித் தெரிந்தது என்று கேட்கலாம். நல்ல கேள்வி, ஆனால் இதை யாரும் கேட்பதில்லை. நம் ஊர்ச் சுவரில் விளம்பரம் எழுதுகிறவர் இடம் போதாமல் கடைசி எழுத்துகளை நெருக்கி எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். சிந்து எழுத்திலும் அந்த நெருக்கடி இடப்பக்க ஓரத்தில் வருகிறது. ராஜஸ்தானில் காலிபங்கன் என்ற சிந்துவெளி ஊரில் கிடைத்த ஒரு பானை ஓட்டில் ஒரு குறியின் கோடு பக்கத்துக் குறியின் கோட்டை வெட்டிக்கொண்டு போவதைப் பார்த்து, எது முதலில் கீறியது என்று தொல்லியலாளர் பி.பி. லால் காட்டினார். அதுவும் வலமிருந்து இடம். எல்லாம் இல்லை, பெரும்பாலானவை. முத்திரைக் கல்லில் மட்டும் எழுத்து திரும்பி இருக்கும், ஏனென்றால் அதைக் களிமண்ணில் அழுத்திய பிறகுதான் வாசிக்க வேண்டும். மதுரை டவுன்ஹால் ரோட்டில் ரப்பர் ஸ்டாம்ப் செய்கிறவரைக் கேளுங்கள், ஒரு நிமிடத்தில் புரிய வைப்பார்.

அந்த ரப்பர் ஸ்டாம்ப் விஷயத்தில் பெரிய அறிஞர்களே சறுக்கியிருக்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தில் ஏரண் என்ற ஊரில் பிரிட்டிஷ் காலத் தொல்லியலாளர் கன்னிங்காமுக்கு ஒரு காசு கிடைத்தது. அதில் பிராமி எழுத்து (தமிழிக்குச் சொந்தமான பழைய இந்திய எழுத்து), வலமிருந்து இடம். பிராமியே ஒரு காலத்தில் வலமிருந்துதான் போனது, அது மேற்கேயிருந்து வந்த எழுத்து என்று வாதாட ஜெர்மன் அறிஞர் ப்யூலருக்கு அந்தக் காசு கைகொடுத்தது. காசு அச்சை வெட்டியவன் திருப்பி வெட்ட மறந்து நேராக வெட்டியிருந்தால் காசில் எழுத்து திரும்பித்தான் விழும் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். ஒரு தட்டானின் மறதியில் ஒரு கொள்கை நின்றது.

அதற்காகத் திரும்பிய பிராமியே கிடையாது என்று சொல்லவில்லை. இலங்கைக் குகைக் கல்வெட்டுகளில் சில வலமிருந்து போகின்றன. கர்னூல் மாவட்டத்து எர்ரகுடியில் 1929இல் கண்டறிந்த அசோகரின் சிறு பாறைக் கட்டளையில் பல வரிகள் மாறி மாறிப் போகின்றன. ஒரு வரி இடமிருந்து, அடுத்தது வலமிருந்து. பழைய கிரேக்கர்களும் அப்படி எழுதினார்கள். மாடு ஏர் பூட்டித் திரும்புவது போல என்று அதற்கு அவர்கள் மொழியில் பெயர். (எங்கள் தாத்தா ஏர் ஓட்டியது வயலைச் சுற்றிச் சுற்றி உள்ளே வருகிற மாதிரி. அவரிடம் கேட்டிருந்தால் இந்தப் பெயரை ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்.) அசோகரின் மற்ற பிராமிக் கட்டளைகள் எல்லாம் ஒழுங்காக இடமிருந்துதான். இன்றைய பாகிஸ்தானில் இருக்கிற ஷாபாஸ்கர்ஹியிலும் மான்சேராவிலும் வலமிருந்து இருப்பது பிராமியே இல்லை, கரோஷ்டி என்ற வேறு எழுத்து.

நம் ஊரிலேயே ஒன்று உண்டு. கீழவளவு மலையில் 'உபசஅன் தொண்டிலவோன் கொடு பளிஇ' என்று படிக்கிற கல்வெட்டில் எழுத்துகள் தலைகீழாகவும் திரும்பியும் கிடக்கின்றன. அங்கே முதல் தடவை ஏறியபோது எனக்கே தலை சுற்றியது. ஆனால் ஒரு மலையில் ஒருவர் அப்படி வெட்டினால் அது அந்த ஒரு வெட்டு. பக்கத்திலேயே மாங்குளம், அரிட்டாபட்டி, திருவாதவூர், ஆனைமலை, அழகர்மலை எல்லாம் இருக்கின்றன. மாங்குளத்தில் நெடுஞ்செழியன் பெயரே இருக்கிறது. 1882இல் ஆங்கிலேய அதிகாரி ராபர்ட் சீவெல் பார்த்தது, கி.மு. 2ஆம் நூற்றாண்டு என்று கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் கணித்தது. இடமிருந்து வலம், சந்தேகமே வேண்டாம்.

படுக்கையில் வெட்டிய எழுத்து இன்னொரு தொல்லை. தலைமாட்டில் நின்று பார்த்தால் நேர், கால்மாட்டில் நின்றால் தலைகீழ். 'தலைகீழ் எழுத்து' என்று என்னிடம் வந்த இரண்டு படங்களில் எழுத்து நேராகத்தான் இருந்தது, படம் எடுத்தவர் நின்ற இடம்தான் தப்பு.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மைப்படியை (கல்லில் ஈரத்தாளை ஒட்டி, மேலே மை ஒற்றி எடுக்கிற நகல்) காய வைத்து, மை ஊறித் தெரிந்த பின்பக்கத்தை முன்பக்கம் என்று நினைத்து அரை நாள் உட்கார்ந்து படித்தேன். பெரியவர் வந்து தாளைத் திருப்பிப் போட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் டீ குடிக்கப் போனார். அன்றிலிருந்து தாளை எடுத்ததும் மூலையில் மலை, தேதி, திசை மூன்றையும் பென்சிலால் எழுதிவிட்டுத்தான் மற்ற வேலை.

ஞாயிற்றுக்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். சாயங்காலம் அந்த மலைக்குப் போனேன். பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் இன்னும் நான்கு பேர் சாக்பீஸோடு ஏறுவார்கள். அடிவாரத்தில் ஆடு மேய்க்கிற பெரியவர் கேட்டார்: "என்னய்யா, எழுத்தைத் திருப்பி வாசிச்சா பொதையல் இருக்கிற எடம் தெரியும்னு சொல்றாய்ங்க, நெசமா?" அங்கே ஒரு படுக்கையின் ஓரத்தை யாரோ உளியால் பெயர்த்திருந்தார்கள். புதுக் காயம், கல் வெள்ளையாக இருந்தது. 'திரும்பிய எழுத்து' கதை எங்கே போய் முடிகிறது என்று தெரிகிறதா? அந்தக் கல்வெட்டுகளில் இருப்பது யார் கொடுத்தார், யாருக்குக் கொடுத்தார், யார் வெட்டினார், அவ்வளவுதான். புதையலுக்கு வழி சொல்லும் கல்வெட்டு எதையும் முப்பது வருடத்தில் நான் படித்ததில்லை.

ஆகவே கேளுங்கள். சாக்பீஸ், சுண்ணாம்பு, மாவு, எண்ணெய், பெயிண்ட் எதுவும் கல்லில் படக் கூடாது. கம்பி பிரஷ்ஷை மலைக்கே கொண்டுபோகாதீர்கள். படம் பின்கேமராவில் எடுங்கள், கல்லுக்கு நேராக நின்று எடுங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேலை வையுங்கள், கொஞ்சம் தள்ளி நின்று முழுப் பாறையும் தெரிகிற மாதிரி இன்னொன்று. மதிய வெயிலில் எடுத்து என்னைத் திட்டாதீர்கள். காலையிலோ சாயங்காலமோ சாய்வெளிச்சம் வேண்டும், இல்லாவிட்டால் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். வெட்டு எது, வெடிப்பு எது என்று நிழலே சொல்லும். புதிதாக எதையாவது பார்த்தால் முதலில் தொல்லியல் துறைக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் சொல்லுங்கள், முகநூல் அப்புறம். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஆர்வத்தில் ஏறுகிற பிள்ளைகள்தான் மாட்டுவார்கள், உளியோடு வந்தவன் எப்போதோ போயிருப்பான்.

தம்பியையும் வரச் சொல்லியிருந்தேன். இருட்டுகிற நேரத்தில் டார்ச்சை அவர் கையில் கொடுத்து, பாறையோடு ஒட்டிச் சாய்த்துப் பிடிக்கச் சொன்னேன். நான்காவது எழுத்தின் தலையில் அவர் சாக்பீஸால் இழுத்திருந்த கோட்டுக்கு நிழலே விழவில்லை. அங்கே வெட்டே கிடையாது, பாறையின் இயற்கையான மேல்பரப்புதான். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மழை வந்தா சாக்பீஸ் போயிரும்ல சார்?"

மேலே காட்டினேன். மழைத்தண்ணீர் எழுத்துப் பக்கமும் படுக்கைப் பக்கமும் வராமல் வெளியே சொட்ட வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே பாறை நெற்றியில் காடி வெட்டியிருக்கிறார்கள். இன்றைக்கும் ஒரு சொட்டு உள்ளே வராது.