தயவுசெய்து தேய்க்காதீர்கள்

போன வாரம் ஒருவர் தன் அப்பாவின் இழைப்புளியைக் கொண்டுவந்தார். அப்பா தச்சர், இறந்து நான்கு மாதம் ஆகிறது. "ஒரே அழுக்கு சார். நானே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்துவிட்டேன். ஆனால் கையில் எடுத்தால் அப்பாவுடையது மாதிரியே இல்லை. பழையபடி ஆக்கித் தர முடியுமா?"

முடியாது. பழைய பொருள்களைச் செப்பனிட்டுப் பாதுகாப்பதுதான் என் வேலை. அடித்த வார்னிஷை எடுத்துவிடுவேன். தேய்த்துக் கொட்டிய மரத்தூளை எங்கே போய்ப் பொறுக்குவது? இந்த வருடம் இப்படி வந்தவர்களை எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

சுத்தம் செய்வதுதான் மரியாதை என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ! ஐயா, கைப்பிடியில் இருந்த அந்தக் கறுப்பு மினுமினுப்பு அழுக்கு இல்லை. வருடக்கணக்கில் ஒரே உள்ளங்கையின் வியர்வையும் எண்ணெயும் ஏறி ஏறி வந்தது. கட்டைவிரல் பதிந்த இடத்தில் ஒரு பள்ளம் இருந்திருக்கும். கடையில் வாங்கியபோது அது ஆயிரம் இழைப்புளிகளில் ஒன்று. அந்தப் பள்ளம் விழுந்த பிறகுதான் அது அப்பாவுடையது. பள்ளத்தைச் சமன் செய்தால் மறுபடி ஆயிரத்தில் ஒன்று, அவ்வளவுதான்.

ஓவியர்களுக்கு இது எப்போதோ தெரியும். வான் கோ 1888இல் தன் நாற்காலியை வரைந்தார். சாதாரண மர நாற்காலி, கோரை பின்னிய இருக்கை, அதன்மேல் புகைக்குழாயும் புகையிலையும். ஆள் இல்லை, ஆனாலும் யாருடைய நாற்காலி என்பதில் சந்தேகமே வராது. நண்பர் கோகனின் நாற்காலியையும் வரைந்தார். அதில் மெழுகுவத்தியும் இரண்டு புத்தகங்களும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு மனிதர்கள் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும்.

தேய்த்துக் கெடுத்த கதையும் கலையுலகத்தில் உண்டு. ஜெர்மானியக் கலைஞர் யோசெஃப் பாய்ஸ், குழந்தையில் தன்னைக் குளிப்பாட்டிய தொட்டியில் பிளாஸ்திரி, மருந்துத் துணி, கொழுப்பு எல்லாம் சேர்த்து ஒரு படைப்பாக்கியிருந்தார். 1973இல் அது லெவர்குசன் அருங்காட்சியகத்தில் இருந்தபோது, அங்கே நடந்த ஒரு கட்சிக் கூட்டத்துக்கு வந்த பெண்கள், குவளை கழுவத் தோதாக இருக்கிறதே என்று அதைப் பளபளவென்று தேய்த்துவிட்டார்கள். விவகாரம் நஷ்டஈடு வரை போனது. அவர்களையாவது மன்னிக்கலாம், யாருடைய தொட்டி என்று தெரியாது. நீங்கள் தெரிந்தே செய்கிறீர்கள்.

"விலை போகுமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சீனக் கலைஞர் சோங் டோங்கின் அம்மா காலி பற்பசைக் குழாயைக்கூடத் தூக்கிப் போடாதவர். கணவர் இறந்த துக்கத்தில் சேர்த்துவைப்பது இன்னும் கூடியது. அம்மாவோடு சேர்ந்தே மகன் அந்தப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களை 2005இல் பெய்ஜிங்கில் காட்சிக்கு வைத்தார். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் வரை அது போனது. தனித்தனியாக எடுத்தால் குப்பை. ஒன்றையும் மினுக்கி வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

சரி, என்னதான் செய்வது? முதல் ஆறு மாதம் ஒன்றும் செய்யாதீர்கள். துக்கத்தில் இருக்கும் கை சும்மா இருக்காது, எதையாவது தேய்க்கும். பூஞ்சையோ செல்லோ பூச்சியோ தெரிந்தால் மட்டும் தனியே எடுத்து வைத்து உடனே கேளுங்கள், அதற்குக் காத்திருக்கக் கூடாது. தூசியா, மெல்லிய தூரிகை போதும். சோப்பு, பாலிஷ், தண்ணீர் எதுவும் வேண்டாம். கடிதத்தை லேமினேட் செய்யாதீர்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன். கிழிசலில் செலோடேப் ஒட்டினால் அதன் பசை மஞ்சளாகிக் காகிதத்துக்குள்ளேயே இறங்கிவிடும். அப்புறம், யார் பயன்படுத்தியது, எங்கே மாட்டியிருந்தது, எந்தக் கையால் பிடித்தார் என்பதை ஒரு சீட்டில் பென்சிலால் எழுதி கூடவே வையுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு அந்தச் சீட்டு இல்லாவிட்டால் அது வெறும் கட்டை.

இழைப்புளிக்காரரிடம் காசு வாங்கவில்லை, நான்தான் ஒன்றும் செய்யவில்லையே. அலகை இறுக்கும் ஆப்பு மட்டும் கழன்று ஒரு பையில் தனியாகக் கிடந்ததால் தப்பியிருந்தது. தலைப்பக்கம் சுத்தியல் பட்டுப் பட்டு நசுங்கியிருந்தது. அவரும் அதை விரலால் தடவிப் பார்த்தார். இதையாவது விட்டுவையுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.