போடாமல் வைத்த ஷூ ஏன் உதிர்கிறது?

வெப்பமண்டல நகரம் ஒன்றில் வேலை கிடைத்து, அடுத்த மாதம் குடிபெயரப் போகும் வாசகர் ஒருவர் நீளமான பட்டியல் அனுப்பியிருந்தார். இப்போது இருப்பது குளிரும் வறட்சியுமான ஊர். கையில் 23 கிலோ பெட்டி இரண்டு. எதை எடுப்பது, எதை விடுவது? கோட்டு, கம்பளி, கேமரா, மாத்திரை, புத்தகம் என்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசி வரியில் போகிறபோக்கில் இன்னொன்றும் கேட்டிருந்தார்: "ஒருமுறைகூடப் போடாத ஷூ இரண்டு ஜோடி இருக்கிறது. நான்கு வருடமாக அட்டைப்பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. அங்கே போய்ப் போட்டுக்கொள்ளலாம் அல்லவா?"

மற்றதற்கெல்லாம் இரண்டிரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம். அந்தக் கடைசிக் கேள்வியை அப்படி விட எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் என்னிடமும் அப்படி ஒரு ஜோடி இருந்தது. விசேஷங்களுக்கு மட்டும் என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். மூன்றாவது முறை போட்டபோது, மேடைக்குப் போகும் படியில் வலது கால் லேசாக வழுக்கியது. திரும்பிப் பார்த்தால் நான் நடந்து வந்த வழியெல்லாம் கறுப்புத் தூள். ஷூவின் அடிப்பாகமான சோலை விரலால் அழுத்தினேன். ஊறிய பிஸ்கட் மாதிரி உள்ளே போயிற்று. மேல்தோல் மட்டும் கடையில் வாங்கியபடியே பளபளத்துக்கொண்டிருந்தது. ஷூ தைப்பவரிடம் எடுத்துப் போனேன். அவர் ஒரு துண்டைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "ஒட்டறதுக்கு ஏதாவது இருந்தாத்தானே சார் ஒட்ட முடியும்?" என்றார். அவர் வேதியியல் படித்தவர் அல்ல. ஆனால் சொன்னது சுத்தமான வேதியியல்.

அதற்குப் போகும் முன் காற்றைப் பற்றிக் கொஞ்சம். வெப்பமண்டலம் என்றதும் எல்லோரும் வெயிலுக்குத்தான் தயாராகிறார்கள். உண்மையில் கடலோர வெப்பமண்டல நகரங்களைவிடப் பாலைவன நகரங்கள் அதிகம் கொதிக்கும். வித்தியாசம் தண்ணீரில் இருக்கிறது. 20 டிகிரியில், 50 சதவீத ஈரப்பதத்தில், ஒரு கன மீட்டர் காற்றில் 9 கிராமுக்குச் சற்றுக் குறைவாக நீராவி இருக்கும். 30 டிகிரி, 80 சதவீதம் என்றால் அதே இடத்தில் 24 கிராம். கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அந்தக் காற்று சுமார் 26 டிகிரிக்குக் குளிர்ந்தாலே பனி இறங்கத் தொடங்கிவிடும். ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடி மங்குவது அதனால்தான். ஆகவே பெட்டி கட்டும்போது "இது சூட்டைத் தாங்குமா?" என்று கேட்பதைவிட "இது ஈரத்தைத் தாங்குமா?" என்று கேட்பது உபயோகமானது.

துணியில் இந்தக் கேள்விக்கு விடை சுலபம். ஒரு கிராம் வியர்வை ஆவியானால் உடலிலிருந்து சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துப் போகும். வழிந்து சொட்டினால் அநேகமாக ஒன்றும் எடுத்துப் போகாது. ஆக, மெல்லியதாக, தளர்வாக, காற்றுப் போய்வருவதாக இருக்க வேண்டும். பருத்தி சாதாரண அறைக் காற்றிலேயே தன் எடையில் 8 சதவீதத் தண்ணீரை வைத்திருக்கும், கம்பளி 16, பாலியஸ்டர் அரை சதவீதம்கூட இல்லை. அதனால்தான் பாலியஸ்டர் சீக்கிரம் காய்கிறது. மழைக்காலத்தில் கொடியில் தொங்கும் ஜீன்ஸ் காய்வதற்குள் நாற்றமெடுத்துவிடும். ஜீன்ஸ் ஒன்று போதும். கோட்டையும் கம்பளியையும் ஊரிலேயே விட்டுவிடலாம். ஏசி அறைக்கு ஒரு மெல்லிய மேலாடை இருக்கட்டும். மின்சாதனம் என்றால் மின்னழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். சரி, ஷூவுக்கு வருவோம்.

அந்தக் கறுப்புத் தூளின் பெயர் பாலியூரித்தேன். 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயரும் அவருடைய குழுவினரும் கண்டுபிடித்த பொருள். லேசானது, மெத்தென்றிருக்கும், தேயவும் தேயாது. ஷூ சோலுக்கென்றே பிறந்ததுபோல இருக்கும். உள்ளே நுண்ணிய குமிழ்கள் நிறைந்த நுரைதான் அது. குமிழ்கள் எப்படி வந்தன என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தயாரிக்கும்போது கலவையில் கொஞ்சம் தண்ணீர் சேர்ப்பார்கள். தண்ணீர் அந்தக் கலவையிலுள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருளோடு வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடை வெளியிடும். அந்த வாயுதான் நுரையை உப்ப வைக்கிறது. பிற்பாடு அதே தண்ணீர்தான் இந்த நுரைக்கு எமனாக வரப்போகிறது.

பாலியூரித்தேன் ஒரு பாலிமர், அதாவது சின்னச் சின்ன மூலக்கூறுகள் சங்கிலிபோல நீளமாகக் கோத்த பொருள். அந்தச் சங்கிலியில் கெட்டியான பகுதி, மிருதுவான பகுதி என்று மாறிமாறி வரும். மிருதுவான பகுதியைத்தான் நாம் மெத்தென்று உணர்கிறோம். பல ஷூக்களில் அந்தப் பகுதி பாலியஸ்டர் வகை, அதாவது எஸ்டர் என்ற பிணைப்புகளால் கோத்தது. பள்ளியில் படித்த சமன்பாடு நினைவிருக்கிறதா? கரிம அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்தால் எஸ்டரும் தண்ணீரும். நடுவில் ஒற்றை அம்புக்குறி போடாமல் இரட்டை அம்புக்குறி போட்டிருப்பார்கள். தேர்வில் அதை ஒற்றையாகப் போட்டு மதிப்பெண் இழந்தவர்களில் நானும் ஒருவன். மொத்தக் கதையும் அந்த இரண்டாவது அம்புக்குறியில்தான் இருக்கிறது. தொழிற்சாலையில் தண்ணீரை வெளியேற்றி வெளியேற்றித்தான் எஸ்டர் பிணைப்புகளை உண்டாக்குகிறார்கள். தண்ணீர் திரும்பி வந்தால் வினை பின்னோக்கி நடக்கும். எஸ்டர் உடைந்து ஒரு முனையில் அமிலம், மறுமுனையில் ஆல்கஹால் என்று பிரியும். இதற்கு நீராற்பகுப்பு என்று பெயர்.

இதற்கு ஷூவை மழையில் நனைக்கக்கூட வேண்டாம். காற்றிலுள்ள நீராவியே நுரைக்குள் மெல்ல ஊடுருவிவிடும். ஊடுருவிய ஒரு நீர் மூலக்கூறு ஒரு பிணைப்பை வெட்டுகிறது. சங்கிலி இரண்டாகிறது. அந்த வெட்டுமுனையில் புதிதாக ஓர் அமிலம் முளைக்கிறது. எஸ்டரைத் தண்ணீர் வெட்டும் வினைக்கு அமிலமே வினையூக்கி, அதாவது வேகப்படுத்தும் பொருள். அப்படியானால் முதல் வெட்டு இரண்டாவது வெட்டைச் சுலபமாக்குகிறது. இரண்டு சேர்ந்து மூன்றாவதை இன்னும் சுலபமாக்குகின்றன. விறகு வெட்டப் போன ஒருவன் ஒவ்வொரு துண்டை வெட்டும்போதும் அதிலிருந்து இன்னொரு விறகுவெட்டி எழுந்து வந்தால் எப்படியிருக்கும்? சோலுக்குள் நடப்பது அதுதான். தன்வினையூக்கம் என்பார்கள்.

சரி, வெட்டு பல வருடமாக நடந்துகொண்டிருந்தால் ஏன் முன்கூட்டியே தெரிவதில்லை? பாலிமரின் பலம் சங்கிலிகளின் நீளத்தில் இருக்கிறது. நீளமான சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும். ஒரு நூற்கண்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நறுக்கினால் கண்டு பார்வைக்குக் கண்டாகவே இருக்கும், இழுத்தாலும் தாங்கும். நறுக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் துண்டுகள் பின்னிக்கொள்ளும் அளவுக்கு நீளமாக இருக்காது. அந்தக் கட்டத்தைத் தாண்டியதும் பலம் சரிகிறது. வெட்டும் வேகம் கூடிக்கொண்டே போவதும் பலம் கடைசியில் மொத்தமாகச் சரிவதும் சேர்ந்துகொள்வதால்தான், போன மாதம் நன்றாக இருந்த சோல் இந்த மாதம் படியில் உதிர்கிறது. ஷூ தைப்பவர் சொன்னதும் இதைத்தான். பசை பிடித்துக்கொள்ள அங்கே சங்கிலி இல்லை.

ஈரப்பதம் 50 சதவீதத்திலிருந்து 80 ஆனால் பாலிமருக்குள் ஏறும் தண்ணீர் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கூடும். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் வினை வேகம் சுமார் இரட்டிப்பாகும். இரண்டையும் பெருக்கினால் மூன்று மடங்கு. இது தோராயக் கணக்குதான், தொடக்க நிலைக்கு மட்டுமே பொருந்தும். குளிர்ந்த ஊரில் எட்டு வருடம் இருந்திருக்கும் சோல் வெப்பமண்டலத்தில் மூன்று வருடத்தில் போய்விட்டது என்றால் அதில் மாயம் ஒன்றும் இல்லை.

இங்கே ஒரு நம்பிக்கையை உடைக்க வேண்டியிருக்கிறது. போடாமல் வைத்தால் புதிதாகவே இருக்கும் என்று நினைக்கிறோம். தேய்மானத்துக்கு அது சரி. நீராற்பகுப்புக்கு நீங்கள் போட்டீர்களா இல்லையா என்பது தெரியாது. தொழிற்சாலையில் அச்சிலிருந்து எடுத்த நாளிலிருந்தே அது தொடங்கிவிடுகிறது. பாதி விலையில் கிடைக்கும் பழைய சரக்கில் பாதி ஆயுள் ஏற்கெனவே போயிருக்கலாம். இன்னொரு நம்பிக்கை, தண்ணீரில் விழுந்த கைபேசியை அரிசிக்குள் புதைப்பது. அரிசி ஒரு சுமாரான ஈரமுறிஞ்சி. கைபேசி பிழைத்தது என்றால் அது தானாகக் காய்ந்ததால்தான். புகழ் மட்டும் அரிசிக்கு. படித்தவர்கள்கூட இதைச் சத்தியம் செய்து சொல்கிறார்கள்.

மாற்று இல்லாமல் இல்லை. மிருதுவான பகுதியைப் பாலியீதர் என்ற வேறு வகையில் செய்தால் வெட்டுவதற்கு எஸ்டரே இருக்காது. ரப்பர் சோலுக்கும் இந்த நோய் இல்லை. ஆக்சிஜனும் ஓசோனும் அதற்கு வேறு வகையில் தொல்லை தரும், ஆனால் நிதானமாக. விளையாட்டு ஷூக்களில் அதிகம் வரும் ஈவிஏ (எத்திலீன் வினைல் அசெட்டேட்) நுரை எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம். அதிலும் எஸ்டர் உண்டு. ஆனால் சங்கிலியின் முதுகெலும்பில் இல்லை, கிளையில் தொங்குகிறது. தண்ணீர் வெட்டினாலும் கிளைதான் விழும், மரம் நிற்கும்.

எஸ்டரைத் தெரிந்துகொண்டால் பெட்டியில் பாதிப் பொருள்களைத் தரம் பிரித்துவிடலாம். தோல் மாதிரி இருக்கும் பைகள், மழைக்கோட்டின் உட்பூச்சு, முதுகுப்பையின் உட்பக்கம் ஆகியவற்றில் பெரும்பாலும் பாலியூரித்தேன் பூச்சுதான். பிசுபிசுத்து உரியத் தொடங்கியிருந்தால் விட்டுவிட்டுப் போங்கள். பழைய ஆஸ்பிரின் புட்டியைத் திறந்தால் வினிகர் வாசனை வருவது ஏன்? ஆஸ்பிரினும் ஓர் எஸ்டர். ஈரம் பட்டு அசெட்டிக் அமிலமாகவும் சாலிசிலிக் அமிலமாகவும் உடைகிறது. அதே வாசனை பழைய சினிமா படச்சுருள்களிலும் வரும். செல்லுலோஸ் அசெட்டேட் என்ற எஸ்டரால் ஆன சுருள் இப்படி அழிவதாக 1950களில் வந்த ஆரம்பகாலத் தகவல்களில் ஒன்று, சூடும் ஈரமுமான சூழலில் வைத்திருந்த இந்திய அரசின் படச்சுருள்களைப் பற்றியது. அங்கேயும் உடைந்து வந்த அமிலமே அடுத்த உடைப்பைத் துரிதப்படுத்தியது. ஷூவும் சினிமாவும் ஒரே நோயில் போகின்றன.

மாத்திரையைப் பற்றிக் கேட்டீர்கள். மருந்து எத்தனை நாள் தாங்கும் என்று சோதிக்க உலகை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். மிதவெப்பப் பகுதிக்கு 25 டிகிரி, 60 சதவீதம். சூடும் ஈரமும் மிகுந்த பகுதிக்கு 30 டிகிரி, 75 சதவீதம். உங்கள் ஊர் மருந்தின் காலாவதித் தேதி உங்கள் ஊர்க் காற்றுக்குப் போட்டது. அலுமினியப் பட்டையிலிருந்து மாத்திரைகளைப் பிரித்து ஒரே டப்பாவில் கொட்டிக்கொண்டு போகாதீர்கள்.

பிளாஸ்டிக் சோதனைக்கான பன்னாட்டுத் தரநிலையும் 23 டிகிரி, 50 சதவீதம் என்றுதான் தொடங்குகிறது. வெப்பமண்டல நாடுகளுக்கு என்று 27 டிகிரி, 65 சதவீதம் தனியாக இருக்கிறது. கடலோரத்தில் வாழ்பவர்களைக் கேட்டால் 65-ஐ வறண்ட நாள் என்பார்கள். எனக்கு இதில் ஓர் ஆதங்கம் உண்டு. புதுப் பொருளை உண்டாக்கும் ஆராய்ச்சிக்குப் பணம் வருகிறது, பரிசும் வருகிறது. அந்தப் பொருள் ஈரக்காற்றில் பத்து வருடம் கழித்து எப்படிச் சாகிறது என்று உட்கார்ந்து பார்க்கும் ஆராய்ச்சிக்கு யாரும் மாலை போடுவதில்லை. அதற்குப் பத்து வருடம் ஆகும், பெரும்பாலான நிதியுதவி மூன்று வருடத்தில் முடிந்துவிடும்.

கேமராவுக்கும் புத்தகத்துக்கும் எதிரி பூஞ்சை. பொதுவாக 80 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் நன்றாக வளரும். லென்ஸில் வளர்ந்தால் அது சுரக்கும் அமிலம் கண்ணாடிப் பூச்சை அரித்துவிடும். அலமாரியில் நாலு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டால் போதுமா என்றால், போதாது. ஒரு கன மீட்டர் அலமாரியின் காற்றில் மட்டும் 24 கிராம் தண்ணீர். உள்ளே 10 கிலோ பருத்தித் துணி இருந்தால் அதில் ஏறத்தாழ ஒரு லிட்டர். 5 கிராம் பொட்டலம் மிஞ்சிப்போனால் 2 கிராம் பிடிக்கும். அதுவே இறுக்கமாக மூடும் சின்ன டப்பாவுக்குள் கேமராவோடு வைத்தால் அற்புதமாக வேலை செய்யும். நிறம் மாறும் வகையாக வாங்கிக்கொள்ளுங்கள். நிறம் மாறியதும் பொட்டலத்தில் சொல்லியிருக்கும் சூட்டில் காயவைத்தால் மறுபடி தயார்.

கடைசியாக அந்த இரண்டு ஜோடி. நாக்குப் பகுதியின் உள்ளே தைத்திருக்கும் சீட்டில் தயாரித்த மாதம் பெரும்பாலும் இருக்கும், பாருங்கள். சோல் முழுக்க ரப்பர் என்றால் தைரியமாகப் பெட்டியில் வையுங்கள். பாலியூரித்தேன் என்றால் இந்த வாரமே போட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றி ஒரு மணி நேரம் நடங்கள். கையில் ஒரு ஜோடி செருப்பும் இருக்கட்டும்.