மனச்சிதைவு மருந்துகள் உடலசைவைக் குலைப்பது எப்படி?

பாரிஸில் 1952இல் ழான் டிலே, பியேர் டெனிக்கர் ஆகிய மருத்துவர்கள் குளோர்புரோமசின் என்னும் மருந்தை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பயன் கண்டனர். சில ஆண்டுகளுக்குள்ளாகவே, அம்மருந்தை உட்கொண்டவர்களில் பலருக்கு உடல் விறைத்து, கை நடுங்கி, முகம் உணர்ச்சியற்றுப் போவது தெரியவந்தது. பார்க்கின்சன் நோயிலிருந்து அதைப் பிரித்தறிவது கடினமாயிருந்தது.

இவ்வகை மருந்துகள், மூளையில் நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் டோபமைன் என்னும் வேதிப்பொருளை ஏற்கும் டி2 ஏற்பிகளை அடைக்கின்றன. பிரமையையும் மாயக்குரல்களையும் தணிக்க அது வேண்டும். அதே ஏற்பிகள் அசைவை ஒழுங்குபடுத்தும் ஸ்டிரையேட்டம் என்னும் பகுதியிலும் நிறைந்திருப்பதுதான் சிக்கல். ஏறத்தாழ 65 விழுக்காடு ஏற்பிகள் அடைபடும்போது நோய் தணியத் தொடங்குவதையும், 80 விழுக்காட்டை நெருங்கும்போது விறைப்பும் நடுக்கமும் தலைகாட்டுவதையும் மூளையைப் படமெடுக்கும் பெட் ஸ்கேன் ஆய்வுகள் காட்டின. ஹாலோபெரிடால் போன்ற வீரியமிக்க மருந்துகளில் இந்தக் குறுகிய இடைவெளியை எளிதில் தாண்டிவிட நேரும்.

மருந்து தொடங்கிய முதல் சில நாட்களில், குறிப்பாக இளம் ஆண்களுக்கு, கழுத்து ஒருபக்கமாக முறுக்கிக்கொள்வதும் கண்விழிகள் மேல்நோக்கிச் செருகி நிலைத்துவிடுவதும் உண்டு. வீட்டார் வலிப்பென்று பதறினாலும், அசிட்டைல்கோலின் என்னும் மற்றொரு செய்திகடத்தியைத் தடுக்கும் ஊசி போட்டால் பெரும்பாலும் சிறிது நேரத்திலேயே இது அடங்கிவிடும். டோபமைன் தளரும்போது ஸ்டிரையேட்டத்தில் அசிட்டைல்கோலினின் கை ஓங்கிவிடுவதே காரணம்.

இவற்றைவிட ஏமாற்றுவது அகதீசியா என்னும் நிலைகொள்ளாமை. உட்கார்ந்தால் கால்கள் ஓயாது ஆடும். நின்றாலோ உடற்பாரம் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறிக்கொண்டே இருக்கும். உள்ளுக்குள் தாங்கமுடியாத தவிப்பு. இதை நோய் முற்றிவிட்டதென்று எண்ணி மருந்தின் அளவைக் கூட்டினால் தவிப்பு மேலும் பெருகும். உண்மையில் வேண்டியது அளவைக் குறைப்பதோ, மருந்தை மாற்றுவதோ, புரோப்ரனலால் என்னும் மருந்தைச் சேர்ப்பதோதான்.

மாதங்களோ ஆண்டுகளோ கழித்து வரும் டார்டிவ் டிஸ்கைனீசியா என்னும் கட்டுக்கடங்கா அசைவுக் கோளாற்றின் போக்கு இதற்கு நேர்மாறானது. வாய் மெல்லும், உதடு சப்புக்கொட்டும், நாக்கு வெளியே வந்து மறையும். உறக்கத்தில் எல்லாம் நின்றுவிடும். நெடுநாள் அடைபட்ட ஏற்பிகள் மிகையாகக் கூர்மையடைந்துவிடுவதே காரணம் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் விளக்கம். மருந்தைக் கூட்டினால் அசைவு தற்காலிகமாக மறைவதும், குறைத்தால் வெளிப்படுவதும் அதற்குப் பொருந்துகின்றன, ஆயினும் அது முழுமையான விளக்கமன்று. விறைப்பைத் தணிக்க உதவும் ட்ரைஹெக்ஸிபெனிடில் மருந்து இதனைப் பெரும்பாலும் மோசமாக்கும். முதியோருக்கு ஆபத்து அதிகம். குளோசபின் என்னும் மனச்சிதைவு மருந்தில் ஆபத்து மிகக் குறைவு. நரம்பு முனையிலிருந்து டோபமைன் வெளியாவதையே குறைக்கும் வால்பெனசினுக்கு 2017இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது.

ஒருமுறை வேரூன்றிவிட்டால், மருந்தை நிறுத்திய பின்னும் இது நீடிக்கக்கூடும். ஆதலால் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்க வேண்டும். அதற்கான சோதனை எளியது: நோயாளியைக் கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாக விரைந்து தொடச் சொல்லிவிட்டு, மருத்துவர் அவருடைய வாயையும் கால்களையும் கவனிக்கிறார். கவனம் விரல்களுக்குப் போனதும், அதுவரை அடங்கியிருந்த அசைவுகள் வெளியே வந்துவிடும்.