ஒரே ‘ஓஃப்’, இரண்டு வேலை

சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் வெள்ளவத்தை வாசகி ஒருவரின் கேள்வி: “டோக் அபவுட்” சரியென்றால் “டிஸ்கஸ் அபவுட்” எப்படிப் பிழையாகும்?

‘அபவுட்’, ‘இன்’, ‘அட்’ போன்ற முன்னிடைச்சொற்களில் எது வரவேண்டும், அல்லது எதுவுமே வரக்கூடாதா என்பதை வினைச்சொல்தான் தீர்மானிக்கிறது. தமிழிலும் அவரைச் சந்திக்கிறோம், அவரிடம் கேட்கிறோம், அவருக்குப் பயப்படுகிறோம். உருபை வினை கேட்டு வாங்குகிறது. ‘டிஸ்கஸ்’ செயப்படுபொருளை நேரடியாக ஏற்கும். ‘ரீச்’சும் அப்படித்தான், “கொழும்புக்கு” என்பதிலுள்ள ‘கு’வை நம்பி “ரீச் டு கொலம்போ” என்று எழுதினால் புள்ளி போகும். ‘அரைவ்’ என்றால் நகரத்துக்கு ‘இன்’, கோட்டை ரயில் நிலையத்துக்கு ‘அட்’.

இதுவரை மனனம் போதும். இனி வருவது விளங்கிக்கொள்ள வேண்டியது.

“ஹீ டேர்ன்ட் ஓஃப் த ஃபேன்.” “ஹீ டேர்ன்ட் ஓஃப் கோல் ரோட்.” முதலாமவர் மின்விசிறியை நிறுத்தினார், இரண்டாமவர் காலி வீதியிலிருந்து விலகித் திரும்பினார். பார்வைக்கு ஒரே அமைப்பு. ஆனால் வீதி வாக்கியத்தில் ‘ஓஃப்’ பெயர்ச்சொல்லோடு சேர்ந்தது, நம் ‘இலிருந்து’ போல. விசிறி வாக்கியத்தில் அது வினையோடு சேர்ந்தது, “நிறுத்திவிட்டார்” என்பதில் வரும் ‘விடு’ போல. தமிழ் இவ்விரு வேலைக்கும் வேறுவேறு உறுப்புகளை வைத்திருக்கிறது. ஆங்கிலம் ஒன்றையே இரண்டுக்கும் அனுப்புகிறது.

பிரித்தறிய மூன்று சோதனைகள் உண்டு. ‘ஓஃப்’பைக் கடைசிக்குத் தள்ளிப் பாருங்கள்: “டேர்ன்ட் த ஃபேன் ஓஃப்” நிற்கும், “டேர்ன்ட் கோல் ரோட் ஓஃப்” விழும். இடையில் ‘சடன்லி’யைச் செருகினால் தலைகீழ்: வீதி இடம்கொடுக்கும், விசிறி கொடுக்காது. மிக உறுதியானது ‘இட்’ சோதனை. விசிறிக்கு “டேர்ன்ட் இட் ஓஃப்” மட்டுமே சரி. வீதிக்கு “டேர்ன்ட் ஓஃப் இட்” மட்டுமே சரி.

ஏன் ‘இட்’ நடுவில் வருகிறது? ஆங்கில வாக்கியத்தின் இறுதி, புதிய செய்திக்கும் அழுத்தத்துக்கும் உரிய இடம். ‘இட்’ ஏற்கெனவே தெரிந்த, அழுத்தமில்லாத சொல். அது உள்ளே ஒதுங்க, ‘ஓஃப்’ கடைசியில் அழுத்தத்தைப் பெறுகிறது. “முன் அறையில் இரவெல்லாம் ஓடிக்கொண்டிருந்த விசிறி” என்று பெயர்த்தொடர் நீளும்போது, அந்தப் பாரம் இறுதிக்குப் போய் ‘ஓஃப்’ வினையருகே திரும்பிவிடும்.

முப்பதே நாளில் ஆங்கிலம் என்ற விளம்பரங்களை நம்பி இத்தகைய தொடர்களைப் பட்டியலாக உருப்போடுவது வீண் என்பேன். நம் மாணவர்கள் எங்கே, ஏன் தடுக்கிறார்கள் என்று அவர்களின் விடைத்தாள்களைத் திரட்டி ஆராய்வதற்கு அரசு பணம் ஒதுக்கினால் அது நல்ல முதலீடு.

‘புட் அப் வித்’ (பொறுத்துக்கொள்வது) போன்ற மூன்று சொல் தொடர்களில் இரண்டு வகையும் கூடிவருகின்றன. ‘அப்’ வினையின் ஆள், ‘வித்’ பெயரின் ஆள். அதனால் ‘இட்’ எப்போதும் ‘வித்’துக்குப் பின்னேதான். ‘கோப்’ (சமாளிப்பது) என்ற வினைக்கு ‘வித்’ மட்டுமே போதும். பலர் சொல்லும் “கோப் அப் வித்”தில் நடுவிலுள்ள ‘அப்’புக்கு வேலையே இல்லை.